தாளின் பின்பக்கம்

மின்விசிறிகளை நிறுத்திய பிறகுதான் அந்தக் கூடத்துக்குள் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. பக்கத்து அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஓர் ஆட்டோ கிளம்ப மாட்டாமல் இருமியது. அறுபது எழுபது பேர் இருக்கலாம், எல்லோரும் நிகழ்ச்சி நிரலை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஹெப்சிபா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விசிறல்களும் ஒவ்வொன்றாக நிற்கட்டும் என்று காத்திருந்தாள். செல்வின் அவளுக்கு இடப்பக்கம், ஒரு முழம் பின்னால், கைப்பிடியில்லாத மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான். கஞ்சி போட்ட சட்டை கூடாது, சரசரக்கும். சென்ட் கூடாது. காலால் தாளம் போடக் கூடாது. கைதட்டும்போது எழுந்து வணங்கக் கூடாது. பியானோ வாசிக்கிறவருக்குப் பக்கம் திருப்புகிறவன் அங்கே இல்லாதவன் மாதிரி இருக்க வேண்டும். பத்துப் பதினோரு வருஷமாக அவன் அப்படித்தான் இருக்கிறான், அதில் அவனுக்கு நல்ல பெயரும் உண்டு. ஆனால் இன்றைக்குத் திருப்புவதற்கு என்ன இருக்கிறது? பியானோவின் மேல் இருப்பது ஒரே ஒரு தாள். முன்பக்கம், பின்பக்கம், அவ்வளவுதான். கால் மணி நேரம் போகிற இசைக்கு ஒரே ஒரு திருப்பல். பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் ஆளே வேண்டாமே டீச்சர் என்று அவன் ஒத்திகைக்கு முன்பே சொன்னான். வேண்டாம்தான் என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, வேறெதையோ பார்த்துக்கொண்டு, "வர்றீங்களா?" என்று கேட்டாள். அந்த 'வர்றீங்களா'வைத்தான் அவன் ஒரு மாதமாகத் தன்னோடு வைத்துக்கொண்டு அலைகிறான். வேண்டாம் என்றால் எதற்குக் கூப்பிட வேண்டும்? பழக்கத்தில் கூப்பிட்டிருப்பாள். வரும் வெள்ளிக்கிழமை அவள் நியூஸிலாந்துக்கு, மகனிடம், ஒரேயடியாகப் போகிறாள். கடைசிக் கச்சேரி, வழக்கமாக வருகிற ஆளை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்திருப்பாள். அப்படித்தான் இருக்கும். அப்படியில்லாமலும் இருக்கலாம். போகாதீர்கள் என்று இன்றைக்குள் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் சொல்வதற்கு இடமே கிடையாது என்று பஸ்ஸில் வரும்போது அவன் தீர்மானித்திருந்தான். பஸ்ஸில் வரும்போது அவன் நிறையத் தீர்மானிப்பான்.

விசிறல்கள் நின்றன. அவள் வலது கையைத் தூக்கி வைத்தாள். மேலிருந்து கீழாக மூன்று சுரங்கள், ஒன்று இறங்கி நின்ற பிறகுதான் அடுத்தது, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததில் மூன்றாவது சுரம் மட்டும் தேய்ந்துகொண்டே இருந்தது. பியானோவில் கட்டையை அழுத்தியாகிவிட்டால் அதற்கப்புறம் நம் கையில் எதுவுமில்லை, அது போவதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அது போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியாத இடத்தில், கீழே எங்கிருந்தோ, பிரான்சிஸின் செல்லோ ஒரே ஒரு நீண்ட சுரமாகத் தொடங்கியது. பிரான்சிஸ் சினிமா ஒலிப்பதிவுகளில் வாசிக்கிற ஆள், பெரிய உடம்பு. வயலினைப் பத்து மடங்கு பெரிதாக்கியது போன்ற அந்த வாத்தியத்தை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டால் இரண்டு தடியர்கள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒத்திகையில் தாளைப் பார்த்துவிட்டு, "சார், இதுல நோட்ஸவிட கேப்புதான் ஜாஸ்தி. கேப்புக்கும் சேத்து பேமென்ட் கேக்கணும்" என்றான். அந்தக் கேப்புதான் செல்வினால் தாங்க முடியாதது. வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற ஏதோ ஒரு நாட்டுக்காரர் எழுதிய இசை. முன்பக்கத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசிக்கலாம், பியானோ வாசிப்பவர் தலையசைத்ததும் தாளைத் திருப்ப வேண்டும், பின்பக்கத்தில் நாலு வரி, அத்தோடு முடிந்தது என்று மேலே குறிப்பு எழுதியிருந்தது. மூன்று தடவை போதும் என்று ஒத்திகையில் பேசிக்கொண்டார்கள். செல்லோவின் சுரம் அவன் நாற்காலியின் கால்கள் வழியாக ஏறி முதுகெலும்புக்கு வந்தது. அவனுக்கு லிஃப்ட்டின் இரும்புக் கயிறு நினைவுக்கு வந்தது. அரசாங்கத்தில் லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை அவனுக்கு. பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று, கீழே அத்தனை மாடி இருட்டு, மேலே அத்தனை மாடி இருட்டு, நடுவில் கயிற்றின்மேல் கையை வைத்தால் அது இப்படித்தான் மெல்ல முனகும். கூட வருகிறவர்கள் போதும் சார், இறங்கிடலாம் என்பார்கள். அவன் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு நிற்பான். அங்கே நிற்பது அவனுக்குப் பிடித்திருந்தது என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஹெப்சிபாவிடம் சொல்லலாம் என்று ஒரு தடவை நினைத்தான். அவள் சிரிக்காமல் கேட்பாள், கேட்டுவிட்டு அந்தச் சத்தம் எந்தச் சுரம் என்று கேட்பாள். ஏன் சொல்லவில்லை? அன்றைக்கு மழை வந்துவிட்டது, அல்லது யாரோ கதவைத் தட்டினார்கள். ஏதோ ஒன்று வந்துவிடும். வராவிட்டால் அவனே எதையாவது வரவழைத்துக்கொள்வான்.

மறுபடி மூன்று சுரங்கள், இந்த முறை ஒரு படி கீழே. அவளுடைய மணிக்கட்டிலிருந்து தைலத்தின் வாசனை வந்தது. மணிக்கட்டு வலி வந்த பிறகுதான் அவள் இந்த மாதிரி இசைக்கு வந்தாள். முன்பெல்லாம் புள்ளிகள் அடைத்துக் கறுத்துப்போன பக்கங்களை வாசிப்பாள், எறும்புப் புற்று கலைந்தது போலச் சுரங்கள் ஓடும், அவன் எழுந்து திருப்பி உட்காருவதற்குள் அடுத்த பக்கம் முடிந்துபோகும். அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது! நினைக்க நேரமே கிடையாது. இடது கையால் மேல் மூலையைப் பிடிப்பது, அவள் கண்ணை மறைக்காமல் எடுப்பது, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயம், அதற்குள் நிகழ்ச்சி முடிந்து பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள். அவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும், அக்கா மகள் ஜாய்ஸைப் பியானோ வகுப்புக்குக் கூட்டிப்போன மாமன்தானே அவன். அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிற கல்யாணமாகாத தம்பிக்கு இப்படிப்பட்ட வேலைகள் தாமாக வந்து சேரும். புரசைவாக்கத்தில் அவள் வீட்டு முன்னறையில், ஜாய்ஸுக்குப் பின்னால் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, விரல் போகிற இடத்தையும் தாளில் புள்ளி இருக்கிற இடத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவனுக்கே படிக்க வந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் ஜாய்ஸ் எனக்கு இது வேண்டாம் மாமா, போரடிக்குது என்று நின்றுவிட்டாள். அவனுக்கு நிற்கத் தெரியவில்லை. அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான், பாதி வழியில்தான் பிள்ளை கூட இல்லை என்பது உறைத்தது. ஆனாலும் போனான். ஜாய்ஸ் வரமாட்டாள் என்று சொல்ல வந்தேன் என்றான். ஹெப்சிபா கதவைப் பிடித்துக்கொண்டு, அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க, போன் இல்லையா என்றாள். பிறகு, உள்ளே வாங்க, உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே, ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தாள் திருப்ப ஆள் இல்லை என்றாள். தெரியும் என்பதை அவள் எப்போது பார்த்தாள்? முதுகில் கண் இருக்கிறதா இவளுக்கு? அவளுடைய தலையசைப்பில் எத்தனை விதம் என்பதை அவன் அப்புறம் கற்றுக்கொண்டான். அவசரத்துக்கு ஒன்று, பொறு என்பதற்கு ஒன்று, நீ சீக்கிரமாகத் திருப்பிவிட்டாய் ஆனால் பரவாயில்லை என்பதற்கு ஒன்று. அவளுடைய காதுக்குப் பின்னால் முடி கறுப்பிலிருந்து சாம்பலுக்கும் சாம்பலிலிருந்து வெள்ளைக்கும் போனதை அவன்தான் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவள் கணவன் இறந்தபோது மகன் ஜெரி கைக்குழந்தை என்பது, அந்த மனிதருடைய படம் முன்னறையில் இல்லாமல் உள்ளறையில் இருந்தது என்பது, எல்லாம் அவனுக்குத் தெரியும். அவள் முகத்தை நேராகப் பார்த்த நேரம் மொத்தத்தையும் சேர்த்தால் எவ்வளவு தேறும்? பக்கவாட்டில்தான். எப்போதும் பக்கவாட்டில், ஒரு முழம் பின்னால்.

முதல் தடவை முடிந்து இரண்டாவது தொடங்கிவிட்டது. அதே மூன்று சுரங்கள்தான், ஆனால் முதலில் கேட்டபோது அவை எதையோ சொல்ல வருவதுபோல இருந்தன, இப்போது சொல்லாமல் விட்டதுபோல இருந்தன. அடுக்குமாடியில் மோட்டார் நின்றது. அது நின்ற பிறகு கூடம் இன்னும் ஆழமாகப் போயிற்று, முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கால் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இந்த இசையில் ஒளிந்துகொள்ள இடமில்லை. சுரங்கள் நெருக்கமாக இருந்தால் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மறைந்துகொண்டே போய்விடலாம், இங்கே வெட்டவெளியில் நிறுத்தி வைத்துவிட்டு அவள் போய்விடுகிறாள். இதோ, செல்லோவும் நின்றுவிட்டது, இடைவெளி. இதில்தான் அந்த டீ டம்ளர் வந்து நிற்கும், அவனுக்குத் தெரியும், ஒத்திகையிலும் இந்த இடத்தில்தான் வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அவள் இரண்டு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். உட்கார்ந்தாள். "ஜெரி கூப்பிடுறான், செல்வின் சார். ஒரேயடியா வந்துடுங்கம்மாங்கிறான்" என்றாள். சொல்லிவிட்டு டீயை எடுக்காமல் சும்மா இருந்தாள். மின்விசிறியில் ஒரு றெக்கை லேசாக இடித்துக்கொண்டிருந்தது, டிக், டிக். டீயின்மேல் ஆடை படிந்தது. எவ்வளவு பெரிய இடைவெளி அது! அதற்குள் ஒரு மனிதன் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஏன் போகணும் என்று கேட்டிருக்கலாம். நீங்க என்ன நினைக்கிறீங்க என்று அவளையே கேட்டிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டு அவளோடு சேர்ந்து இருந்திருக்கலாமே, அதுகூடப் போதுமே, அவளே அடுத்ததைச் சொல்லியிருப்பாள். அவனால் இருக்க முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நல்லதுதானே" என்றான். ஆமா, நல்லதுதான் என்று அவள் எழுந்தாள். அவன் டம்ளரில் பாதி டீ இருந்தது, அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்த நல்லதுதானே எங்கிருந்து வந்தது? அவனுடைய அப்பா பேச்சு அது. யார் எதைச் சொன்னாலும், கல்யாணமோ சாவோ, அவர் கையை விரித்து அதைத்தான் சொல்லுவார். செத்தவர் வாயால் பேசிவிட்டு வந்தோமே என்று அன்றைக்கு பஸ்ஸில் நினைத்தான். இல்லை, அப்பாவின்மேல் எதற்குப் பழி? அவனுடைய பயம் அது. என்ன பயம்? ஊர் என்ன சொல்லும் என்பதா? இந்த வயதில் ஊர் என்ன சொல்லிவிடப் போகிறது, சபையில் நாலு பேர் சிரிப்பார்கள், அப்புறம் பாயசம் கேட்பார்கள். அது இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்னால் அந்த நாற்காலியும் போய்விடுமே என்பதுதான். ஒரு முழம் பின்னால் இருக்கிற இந்த மர நாற்காலி. இதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எல்லாவற்றையும் விட்டான். இப்போது அதுவும்தான் போகப் போகிறது.

யாரோ இருமினார்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருமிய இருமல்தான், ஆனாலும் எல்லோருடைய முதுகும் ஒருமுறை அசைந்தது. இந்த அமைதியில் தனக்குத் தும்மல் வந்தால் என்ன ஆவது என்று செல்வினுக்குத் தோன்றியது, தோன்றியதுமே மூக்கின் உள்ளே நமநமத்தது. நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொண்டான். வியர்வை ஒரு சொட்டு கழுத்துக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு முதுகின் நடுவே, யோசித்து யோசித்து, இறங்கியது. மூன்றாவது தடவை தொடங்கியிருந்தது. இதுதான் கடைசி. இதன் முடிவில் தலையசைப்பாள், அவன் எழுந்து திருப்புவான், நாலு வரி, கைதட்டல், பொன்னாடை, பேச்சு, நாளைக்குப் பெட்டி கட்டுவாள், வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை என்று ஒன்று வரும். அதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுந்திருப்பான், சவரம் செய்வான், மாடிப்படி இறங்குவான், வயலட் அக்கா இட்லி வைப்பாள். அக்கா இதை முன்பே தெரிந்து வைத்திருக்கிறாள், அவள் வாய் சும்மா இருக்காது. போன வாரம்கூட, தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "இத்தன வருஷமா ஒரு பொம்பள பக்கத்துல உக்காந்து பேப்பர் தள்ளிட்டு வந்திருக்க. ஆபீஸ்ல ஃபைல் தள்ளுறவன்கூட ஒரு வார்த்த பேசுவாண்டா" என்றாள். அத்தான் பேப்பருக்குப் பின்னாலிருந்து, விடு வயலட், அவன் ஒரு லிஃப்ட்டுக்கே சரின்னு சொல்றதுக்கு பத்து தடவ ஏறி இறங்குவான் என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அவர்கள் கிண்டலில் விஷம் இல்லை, அதனால்தான் அது இறங்கியது. மூன்று சுரங்கள். இடைவெளி. செல்லோ. இப்போது அந்தச் செல்லோ சுரத்தின் நடுவே பியானோவின் ஒரே ஒரு சுரம் வந்து தொடும், மேலே, மிக மெதுவாக, இருட்டில் தோளைத் தொடுவதுபோல. பக்கம் முழுவதிலும் இரண்டு வாத்தியமும் சேர்ந்து ஒலிக்கிற இடம் அது ஒன்றுதான். மற்றபடி ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று, ஒன்று காத்திருக்கும்போது இன்னொன்று. அந்த ஒரு தொடலுக்காகத்தான் இவ்வளவு காத்திருப்புமா? அது வந்தது. செல்வினின் கண்ணில் நீர் முட்டியது. இது என்ன, ஒரு சுரம், ஒரு மரச் சுத்தியல் ஒரு கம்பியைத் தட்டுகிறது, வேறொன்றுமில்லை, இதற்கா? ஆனால் அவன் உடம்பு அவனைக் கேட்கவில்லை. அவனைத் தொட்டவர்கள் யார்? பல் டாக்டர், முடிவெட்டுகிறவர், சர்ச்சில் கைகுலுக்குகிறவர்கள். ஒரு தடவை அவசரப் பக்கம் ஒன்றில் அவன் கையும் அவள் கையும் தாளின் மூலையில் இடித்துக்கொண்டன. அவள் ஸாரி என்றாள். அதை அவன் எத்தனை வருஷம் வைத்திருந்தான்.

பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தாயிற்று. அவன் உள்ளங்காலை ஊன்றிக்கொண்டு, சத்தமில்லாமல் நாற்காலியிலிருந்து எழுந்தான், இடது கையை நீட்டித் தாளின் மேல் மூலையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்துக்கொண்டான். அசைக்கப் போகிறாள். இப்போது. அவள் தலை அசையவில்லை. கை மேலே போயிற்று, முதலிலிருந்து அதே மூன்று சுரங்கள். எதிரே பிரான்சிஸின் புருவம் ஏறியது. பேசிக்கொண்டது மூன்று தடவைதான், ஆனால் அவன் சினிமாக்காரன், எதற்கும் தயாரானவன், வில்லைத் தயாராக வைத்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான். செல்வினுக்குத் திரும்ப உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. நின்றான். மறந்துவிட்டாளா? அவளா, மறக்கிறவளா? பால்காரனின் பெண்ணுக்குப் பிறந்த நாள் என்றைக்கு என்பதைக்கூட வைத்திருக்கிறவள். அப்படியானால் வேண்டுமென்றுதான். எதற்காக? முடியட்டும் என்று மனம் வரவில்லை, அதுதான். முடிந்தால் இந்தக் கூடம் முடிந்தது, இந்தப் பியானோ முடிந்தது, தன்னிடம் படித்த பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வரிசை முடிந்தது. அங்கே, ஒரு குளிர்ந்த ஊரில், மகன் வீட்டில், பேரப்பிள்ளைக்குப் பால் கலக்க வேண்டியதுதான். அதற்காக நீட்டுகிறாள். இதில் அவனுக்கு எந்தப் பங்கும் இல்லை. அல்லது. அல்லது என்ன? செல்வின், ஐம்பத்தி நாலு வயதில் இப்படி ஆசைப்பட வெட்கமாக இல்லையா உனக்கு? இல்லை, வெட்கமாக இல்லை, அதுதான் ஆச்சரியம். இந்தச் சுரங்கள் நிற்கவே கூடாது, அவள் தலை அசையவே கூடாது, கையைத் தாளில் வைத்தபடி இப்படியே நிற்க வேண்டும், ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போகட்டும், வாட்ச்மேன் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போகட்டும். எங்கோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது, நீளமாக, யாரோ பின்வரிசையில் சிரிப்பை அடக்கினார்கள். அதன் பிறகு வந்த அமைதி இன்னும் பெரிதாக இருந்தது. அவள் அதற்கும் இடம் கொடுத்து, அது முழுக்கப் போகும்வரை பொறுத்து, அடுத்த சுரத்தை வைத்தாள். இப்படி ஒருத்தி பொறுத்திருப்பாளா? அன்றைக்கும் இப்படித்தான் பொறுத்திருந்தாள். டீ ஆறுகிறவரை. அவனுக்குத் தலையசைப்பு வேண்டும், அது வந்தால்தான் அவன் கை நகரும், அப்படியே பழகிவிட்டான், ஆனால் அன்றைக்கு அவள் அசைக்காமல் உட்கார்ந்திருந்ததே, அதுதான் அவள் கேட்ட கேள்வி. அது ஏன் அவன் காதில் இப்போதுதான் விழுகிறது?

நாலாவது தடவையின் கடைசி வரி. செல்லோ நின்றது. பியானோவின் கடைசிச் சுரம் தேயத் தொடங்கியது. அவள் காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை, அது போகட்டும் என்று விட்டிருந்தாள். அதன் ஓரத்தில் அவள் தலையசைத்தாள். அவனுக்குத் தெரிந்த எந்த அசைவும் இல்லை அது, மிகச் சின்னது, முகவாய் ஒரு நெல்லளவு கீழே போயிற்று. அவன் விரல்கள் தாளைப் பிடித்திருந்தன. அவை நகரவில்லை. பக்கம் திருப்புகிறவன் செய்யக் கூடாதவை எல்லாவற்றிலும் பெரியது இதுதான் என்று தெரிந்தே அவன் நின்றான், சுரம் போய்க்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம்தான் இருந்தது, நூலளவு, நூலில் ஓர் இழையளவு.

"போகாதீங்க, டீச்சர்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் விசிறி ஓடாத கூடத்தில் மெதுவாக என்று ஒன்று கிடையாது. அந்த வார்த்தை அவனை விட்டுப் போய், முன்வரிசைப் பெரியவரைத் தாண்டி, கடைசிச் சுவரைத் தொட்டுத் திரும்புவதை அவனே கேட்டான். காது மடல் இரண்டும் சுட்டன. பிரான்சிஸின் வில் அந்தரத்தில் நின்றது. அவள் திரும்பவில்லை. பின்பக்கம் அவளுக்கு மனப்பாடம், நாலே வரி, ஒத்திகையில் அவள் தாளைப் பார்த்தே அவன் பார்த்ததில்லை. அவன் திருப்பாவிட்டாலும் அவள் அப்படியே மேலே போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்சம் தாமதமாக, எழுதியிருந்ததைவிடத் தாமதமாக, அவள் கை முன்பக்கத்தின் தொடக்கத்துக்கே போயிற்று. மூன்று சுரங்கள். இந்தத் தடவை அவன் எதையும் நினைக்கவில்லை. சுரம் வந்தது, போயிற்று, அதன் இடத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தது, அந்த ஒன்றுமில்லாததில் அவன் நின்றுகொண்டிருந்தான், தும்மல் பயமில்லை, டீ டம்ளர் இல்லை. செல்லோவின்மேல் அந்த ஒற்றைச் சுரம் வந்து தொட்டது. அவளுடைய தோள்பட்டை மூச்சில் ஏறி இறங்குவதைப் பார்த்தான். கடைசி வரியில் அவள் மறுபடி தலையசைத்தாள், அவன் திருப்பினான். தாள் காற்றில் வளைந்து மறுபக்கமாக விழுந்தது. பின்பக்கத்தில் செல்லோவுக்கு வேலையே இல்லை, பியானோ மட்டும்தான், அதிலும் ஒரு கை. சுரங்கள் இதுவரை கீழே இறங்கியே வந்திருந்தன, இங்கே மேலே ஏறின, இரண்டு படி, ஒரு படி, பிறகு ஒரு படியில் நின்றுவிட்டன. முடிந்ததுபோல இல்லை. இன்னொரு படி இருக்கிறது என்று காது கேட்டுக்கொண்டே இருந்தது. அது வரவில்லை.

கைதட்டினார்கள். அவன் வணங்கவில்லை. விசிறிகள் ஓடத் தொடங்கின, நாற்காலிகள் நகர்ந்தன, எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் திரும்பி வந்தது. பொன்னாடை போர்த்தினார்கள், பழைய மாணவி ஒருத்தி அழுதுகொண்டே இரண்டு வார்த்தை பேசினாள். முன்வரிசைப் பெரியவர் மேடையோரம் வந்து, நடுவில் அந்த ஒரு வரி பேச்சு வந்ததே, அது எதிர்பாராத இடம், உடம்பு சிலிர்த்துவிட்டது என்று செல்வினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் நன்றி என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிரான்சிஸ் வாத்தியத்தை அதன் பெட்டிக்குள் படுக்க வைத்துக்கொண்டே, "சார், இதுல வோக்கல் இருக்குன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றான். பிறகு செல்வினின் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்தினான், டீ குடிச்சுட்டு வரேன் டீச்சர் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வெளியே போனான்.

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா பியானோவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு. பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தாள். அவன் தன் நாற்காலியைத் தூக்கி ஓரத்தில் வைக்கப் போனவன், வைக்காமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மன்னிச்சிடுங்க டீச்சர், கச்சேரியக் கெடுத்துட்டேன் என்று தொடங்கினான். அவள் முழுதாக, உடம்போடு, அவன் பக்கம் திரும்பினாள். அவளுடைய இடது கண்ணின் கீழே ஒரு சின்ன மச்சம் இருந்தது, அதை அவன் இதுவரை பார்த்ததில்லை.

"நடுவுல என்னமோ சொன்னீங்க" என்றாள். "வாசிக்கிறப்ப எனக்கு வேற எதுவும் காதுல விழாது. இப்பச் சொல்லுங்க."

பொய். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் அது எந்தச் சுரம் என்று சொல்லுகிறவள். வாட்ச்மேன் கடைசி வரிசையில் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றும் படார் படாரென்று விழுந்தது. செல்வின் அவர் முடிக்கட்டும் என்று பார்த்தான். அவர் முடிக்கிற மாதிரி தெரியவில்லை.

"போகாதீங்க" என்றான், அந்தப் படாருக்கு மேலே கேட்க வேண்டுமே என்று, தன்னுடைய குரலா என்று தோன்றும் அளவுக்குச் சத்தமாக. வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். "எனக்காக. நான் கேக்கறேன். போகாதீங்க."

அவள் தாளை எடுத்தாள், மடிக்காமல் பைக்குள் வைத்தாள். பியானோவின் மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இறக்கினாள்.

"டிக்கெட் எடுத்தாச்சு, செல்வின்" என்றாள்.

'சார்' என்பதை விட்டுவிட்டாள் என்பது அவனுக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. சொல்லிவிட்டு எழுந்திருப்பாள், பையைத் தோளில் மாட்டுவாள், வாசலில் அவளுக்காகக் கார் நிற்கிறது என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்திருக்கவில்லை. மூடியின்மேல் கைகளை வைத்துக்கொண்டு, பியானோவுக்கு முன்னாலிருந்த அந்த நீளப் பலகையில், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.